முதுகு வலி என்று எழுதியவர்

கடைசி வண்டி என்றால் அந்த ஊரில் யாருக்கும் பஸ் நினைவுக்கு வராது. அறுபத்து மூன்று வயதுள்ள ஓர் ஆள்தான் நினைவுக்கு வருவார். இறந்தவர்களைக் கொண்டுபோகும் வேன் ஒன்று வைத்திருந்தார். சொந்த வேன். சொந்த என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், அவர் அப்படித்தான் சொல்வார். அப்பன் விட்டுப்போன வண்டி இல்லை, மாமனார் தயவில் வந்த வண்டியும் இல்லை. பதினான்கு வயதில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போன கை அது. ரொட்டிக் கம்பெனி கழித்துப் போட்ட வேனை வாங்கி, உள்ளே இருந்த தட்டுகளைப் பிடுங்கி எறிந்து, தகரம் அடித்து, இரண்டு கம்பியைத் தண்டவாளம் மாதிரி பதித்தது. ஸ்ட்ரெச்சரை வைத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஒரு சத்தம் வராது. படித்த எஞ்சினியர் செய்திருந்தால் கிறீச்சென்று கத்தியிருக்கும். இவர் படித்தது நாலாம் வகுப்பு.

முப்பத்து மூன்று வருடத்தில் அவர் கால் படாத வீடு அந்த ஊரில் இல்லை. எந்த மாடிப்படியில் தலையை முன்னால் விட்டு இறக்க வேண்டும், எந்த நடையில் ஆளைச் சாய்த்துத் திருப்ப வேண்டும், எந்தக் கதவைக் கீலோடு கழற்ற வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் நினைத்துக் கட்டுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் புகார். வீட்டுக்காரம்மாவின் தம்பி ஒரு கொத்தனார். அந்த மச்சானிடம் ஒவ்வொரு புது வீட்டுக்கும் சொல்வார். மச்சான் கேட்டதே இல்லை.

ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்தது. நடுவில் பாலம். அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, லிஃப்ட் வைத்த வீடுகள். இந்தப் பக்கம் பட்டறைகள், மரக்கடைகள், ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரியில் சாவார்கள், என்ன வியாதி என்று டாக்டர் எழுதுவார். இந்தப் பக்கத்து ஆட்கள் வீட்டில் சாவார்கள். அவர்களுக்கு எழுதியது கடைசி வண்டிக்காரர்.

அது இப்படி வந்தது. வண்டி கிளம்புவதற்கு முன் நகரசபைச் சீட்டு ஒன்றைப் பூர்த்தி செய்ய வேண்டும். பெயர், வயது, இறந்த நேரம், காரணம். நாலே வரி. இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அலுவலகத்தில் இறப்புப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். சாவுக்குக் காரணம் எழுதுகிற வேலையை ஒரு டிரைவர் தலையில் கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குமாஸ்தாவுக்குக் கண் வலிக்காது, அது போதும் என்று இரண்டு தரப்பும் இருந்துவிட்டது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு மாரடைப்பு என்று எழுதுவார். தொண்ணூறைத் தாண்டியவருக்கு முதுமை. சிக்கல் ஒரே ஒரு வகை வீட்டில்தான். போனால் கட்டிலோரம் மூத்திரப் பை தொங்கும். மகன்காரன் அதைத் துண்டால் மூடிவிட்டு, என்ன எழுதுவது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். ஆம்பளைக்கு வரக்கூடாத இடத்தில் வந்த வியாதி, வாயில் வராது. அப்போது இவரே கை கொடுப்பார்.

"முதுகு வலி இருந்துச்சா தம்பி?"

"கடைசி ஆறு மாசம் அதுதாண்ணே. புரண்டு படுக்க விடலை."

"அப்ப அதையே போட்டுடுறேன்."

மகனின் முகம் தெளிந்துவிடும். செத்தவரின் மானமும் தப்பியது, எழுத்தும் கட்டத்துக்குள் அடங்கியது. காரணம் என்று போட்டு அவர்கள் விட்டிருந்த கட்டம் மூன்று விரல் அகலம். இதைத் தன்னுடைய பெரிய மனசு என்று அவர் நினைத்தார். உண்மையில் பெரிய மனசுதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் காகிதம் வாங்கக் காத்திருக்கும் நடையில் ஒரு படம் மாட்டியிருந்தது. மாவட்டத்தின் படம். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று நிறம் அடித்திருந்தார்கள். வார்டு ஆள் விளக்கினான்: எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வியாதி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுப்பில் தீய்ந்த மாதிரி பழுப்பு. இந்தப் பக்கம் காகித வெள்ளை. கீழே சாவுக்கென்று இன்னொரு படம். அதிலும் இந்தப் பக்கம் வெள்ளை.

பரீட்சை எழுதாமலே முதல் மார்க் வாங்கியவர் மாதிரி அவர் பாலம் தாண்டித் திரும்பினார். டீக்கடை பெஞ்சில் மச்சான் இருந்தார்.

"அந்தப் பக்கத்துக்காரன் லிஃப்ட்ல போறான், லிஃப்ட்ல வர்றான். எல்லாம் உள்ளயே தேங்கிப் போச்சு. நமக்கு ஒண்ணும் இல்லை. படம் போட்டு மாட்டியிருக்கான், போய்ப் பாரு."

"எதனால மாமா?"

"தண்ணி. நம்ம பக்கத்துத் தண்ணி. அப்புறம் உழைப்பு."

"நீங்க மூணு மணி நேரமா இங்கதான் உக்காந்திருக்கீங்க."

"உழைச்ச உடம்புடா. கொஞ்ச நேரம் உக்காந்தா ஒண்ணும் ஆகாது."

சொல்லிவிட்டு எழுந்து டீக்கடைக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிடம் கழித்து வந்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி போனார். மச்சான் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு எங்கும் பார்க்கவில்லை.

இரண்டு வருடமாக இப்படித்தான். பாலத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை எந்த இடத்தில் ஒதுங்கலாம் என்பது மாடிப்படிகளைப் போலவே அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. இராத்திரி நான்கு முறை எழுந்தார். முதுகிலும் ஒரு பிடிப்பு. வீட்டுக்காரம்மா டாக்டரைப் பார்க்கச் சொன்னால் படத்தை எடுத்துச் சொல்வார்.

"நம்ம பக்கத்துல அது கிடையாது. கவர்மென்டே எழுதி வச்சிருக்கான்."

"கவர்மென்டா ராத்திரி எந்திரிக்குது?"

"வயசாச்சு. முதுகு, ஆளைத் தூக்கித் தூக்கி வந்தது."

அந்த அம்மா அதற்கு மேல் பேசுவதில்லை. பேசாமலிருப்பதில் அவருக்கு ஒரு தனித் திறமை இருந்தது.

ஒரு காலை வேளை, ஷெட்டில் கம்பிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் தடித்த கோப்பு. புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நடையில் மாட்டியிருக்கும் படம் அவர்கள் போட்டதுதானாம். படத்தைப் பாராட்ட அவர் வாயைத் திறப்பதற்குள் கோப்பிலிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"ஐயா, இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"கையெழுத்தைப் பார்த்தாலே தெரியுமே."

"ஒரே கையெழுத்தா இருக்கேன்னுதான் தேடி வந்தேன். அஞ்சு வருஷத்துல இந்தப் பக்கம் இருபத்தி மூணு பேர் முதுகு வலியில இறந்ததா இருக்கு."

"ஆமா."

"முதுகு வலியில யாரும் சாக மாட்டாங்க ஐயா."

"நான் தூக்கினவங்க செத்துத்தான் இருந்தாங்க."

"அதைச் சொல்லலை. இருபத்தி மூணு பேரும் ஆம்பளைங்க. ஒரு பொம்பளைகூட இல்லை. பொம்பளைங்களுக்கு முதுகே இல்லையா?"

"நல்லாக் கேளுங்கம்மா," என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவர்களில் யாரையாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவருடைய ஞாபகசக்தியைப் பற்றி ஒருவர் சந்தேகப்பட்டால் அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவார்.

"யாராவதா? எல்லாரையும் சொல்றேன், எழுதிக்கோ. முதல் சீட்டு, மரக்கடை முதலாளி. எழுபத்தொண்ணு. பதினாறு படி, நடுவுல ஒரு திருப்பம். நல்ல கனமான மனுஷன், கடைசியில ஒரு கையால தூக்குற மாதிரி ஆயிட்டார். கால் ரெண்டும் விழுந்து போச்சு, நடை இல்லை. பை மாட்டி ஒன்றரை வருஷம். அடுத்தது சைக்கிள் கடைக்காரர். அவருக்கு இடுப்பெலும்பு தும்முனதுல உடைஞ்சுது. தும்மினா எலும்பு உடையுமான்னு அவர் சம்சாரம் என்னைக் கேட்டுச்சு. எனக்கு என்ன தெரியும், நல்லாத் தும்மியிருப்பார்னு சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டே போனாள். படுக்கையில் விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள் என்று கேட்டாள். அதுவும் அவருக்குத் தெரியும். தூக்க ஆள் வரக் காத்திருக்கும் நேரத்தில் வீட்டார் எல்லாவற்றையும் டிரைவரிடம் கொட்டுவார்கள். வேறு யாரிடம் கொட்டுவது? அச்சுக்கூடத்துக்காரர், பூட்டு ரிப்பேர்காரர், ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். கோப்பைப் பார்க்காமல், தேதி பிசகாமல். பத்தாவது ஆளுக்கு வந்தபோது நல்ல சூடு பிடித்திருந்தது.

"கடிகாரக்காரர். அறுபத்தஞ்சு. ரெண்டு மூணு வருஷமாவே ராத்திரி நாலு தடவை எந்திரிப்பாராம். போய் நின்னா வராது. சுவத்துல கையை ஊன்றிக்கிட்டு நிப்பாராம். வந்தாலும் முழுசா வராது, வந்து படுத்தா மறுபடி முட்டும். வெளியூர் போறதையே விட்டுட்டார். முதுகுல ஒரு பிடிப்பு. கடைக்குக் குனிஞ்சு உக்காந்து வந்ததுன்னு சொல்லிக்கிட்டு..."

வாசலில் வீட்டுக்காரம்மா கரண்டியோடு வந்து நின்றிருந்தார்.

"இது யாரு?"

"கடிகாரக்காரர்."

"சரி. நான் வேற யாரோன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பதினோராவது ஆளின் வீட்டுக்கு எத்தனை படி என்பது அவருக்கு வரவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தவில்லை, ஏற்றவும் இல்லை. "இந்த வியாதி புராஸ்டேட்ல ஆரம்பிக்கும். விட்டுட்டா எலும்புக்குப் போகும். முதுகெலும்பு, இடுப்பு. அதான் ஐயா அந்த முதுகு வலி."

"அந்தப் பக்கம்தானே பழுப்பா இருக்கு?"

"அங்க ரத்த டெஸ்ட் எடுக்குறாங்க, கண்டுபிடிக்கிறாங்க. அதனால எண்ணிக்கை ஜாஸ்தி. ஆனா சீக்கிரம் தெரிஞ்சுடுறதால பல பேர் வியாதியோடயே ரொம்ப நாள் இருந்து வேற எதுலயோ போறாங்க. எல்லா ஊர்லயும் வித்தியாசத்துக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். வயசு, பரம்பரை, எங்களுக்கே தெரியாததுன்னு எவ்வளவோ இருக்கு. இங்க டெஸ்ட்டே எடுக்கறதில்லை, அதனால வியாதி கணக்குல வராது. அது புரிஞ்சுது. சாவாவது கணக்குல வரணுமே, அது ஏன் வரலைங்கிறதுதான் புரியாம இருந்துச்சு."

"இப்பப் புரியுதா?"

"புரியுது."

அவர் கட்டத்தின் அகலத்தைப் பற்றிச் சொன்னார். மூன்று விரல்கூட இல்லை, அதில் எத்தனை எழுத்து எழுதுவது என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு, சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, ஒன்றைச் சொன்னாள். போன வருடம் இலவசப் பரிசோதனை முகாம் ஒன்று போட இடம் பார்த்தார்களாம். இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் பணம். இந்தப் பக்கத்தில் வியாதியும் இல்லை, சாவும் இல்லை, படம் வெள்ளையாக இருக்கிறதே என்று அந்தப் பக்கத்துக்கே கொடுத்துவிட்டார்களாம்.

அவள் போன பிறகு அவர் வேனுக்குள் ஏறி, இரண்டு கம்பிக்கும் நடுவில் தகரத்தின்மேல் உட்கார்ந்தார். டீக்கடையில் ஊர் முழுக்கச் சொல்லி மார் தட்டிய வெள்ளை, தண்ணீர் கொடுத்ததும் இல்லை, உழைப்பு கொடுத்ததும் இல்லை. தன் பேனா கொடுத்தது. முத்து முத்தான கையெழுத்தில்.

அன்றைக்கே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று எழுத ஆசைதான். போகவில்லை. பதினொரு நாள் போகவில்லை. அந்தப் பெண்ணுக்காக இருபத்து மூன்று வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டினார், வீட்டாரைப் பேச வைத்தார், சோற்றுக்குக்கூட வரவில்லை. தன்னுடைய கால் மட்டும் பாலத்துக்குத் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை வீட்டுக்காரம்மா சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காபிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எதுக்கு இது?"

"ஒரு சந்தேகம். ஊருக்கெல்லாம் நீங்க எழுதுறீங்க. உங்களுக்கு யாரு எழுதுவா?"

அவர் காபியைப் பார்த்தார்.

"எனக்கு எழுத வராது," என்றார் அந்த அம்மா. "நான் சொல்ல, யாராவது எழுதுவாங்க. முதுகு வலின்னே சொல்லிடட்டுமா?"

காபியைக் குடிக்காமல் எழுந்து சட்டையை மாட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியைக் கண்டதும் பழக்கத்தில் கையைக் காட்டினான். "பின் கேட்டுக்குப் போங்க."

"இன்னைக்கு முன் கேட்டு."

"பாடி எங்க?"

"ஓட்டிக்கிட்டு வந்திருக்கு."

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு செய்த பரிசோதனையைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஒன்று மட்டும் மச்சானிடம் சொன்னார்: ஒரு நிமிடம்கூட ஆகாது, அந்த ஒரு நிமிடத்துக்கு வெட்கப்பட்டு இருபத்து மூன்று பேர் போயிருக்கிறார்கள். பிறகு ரத்த டெஸ்ட். வர வேண்டியதைப்போல் பல மடங்கு எண் வந்தது. பிறகு ஊசியால் சதை எடுத்தார்கள், எலும்பு முழுவதையும் படம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் வீட்டுக்காரம்மாவும் கூட வந்தார். வண்டியில் முன் சீட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருக்கு. ஆனா வெளியில பரவலை. எலும்புல இல்லை."

"அப்ப முதுகு வலி?"

"தூக்கித் தூக்கி வந்ததா இருக்கும். தேய்மானம்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்ல."

"சொன்னீங்க," என்றார் அந்த அம்மா. பையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார்.

ஊசி போட்டு, கதிர் வைத்தியம் முப்பத்தேழு நாள் என்றார்கள். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார் டாக்டர். அந்தக் கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. கடிகாரக்காரருக்கு அறுபத்தைந்து.

வைத்தியத்துக்குப் போகிற வண்டி காலியாகப் போவானேன் என்று அவர் யோசித்தார். ஐம்பதைத் தாண்டிய ஆம்பளைகளை முன் சீட்டில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தார். முதலில் மாட்டியவர் மச்சான்.

"நான் பஸ்ஸுல வரேன் மாமா. இந்த வண்டியில ஏறினா ஊரு என்ன பேசும்?"

"முன்னாடி ஏறினா பேசும். பின்னாடி ஏறினா பேசாது. எதுல ஏறுற?"

மச்சான் முன்னால் ஏறினார். அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. வரும் வழியில் இரண்டு மடங்கு பேசினார்.

கதிர் வைத்தியத்தில் ஒரு வினோதமான சட்டம் உண்டு. முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும், பிறகு அளந்து கொடுக்கும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் சரியான இடத்தில் படுமாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒதுங்கிய மனிதரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் நாள் தோற்றார், இரண்டாம் நாளும் தோற்றார். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டாம் நாளுக்குள் அந்த வரிசையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆனது. அவரே சொன்னதுதான், ஆனாலும் பொய் இல்லை.

வரிசையில் மற்ற எல்லாரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். தங்கள் தங்கள் ரத்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொள்வார்கள். இருபதாம் நாள் அவர் பக்கத்தில் ஒரு புதியவர் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார் எந்தப் பக்கம்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். பட்டறைங்க இருக்குற பக்கம்."

தலைமை ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "அங்க இந்த வியாதியே கிடையாதாமே. நடையில படம் மாட்டியிருக்கு, வெள்ளையா. உங்க தண்ணி அப்படியோ என்னவோ."

வேறு நாளாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசியிருப்பார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

"இருந்துச்சு சார். இருபத்தி மூணு பேருக்கு இருந்துச்சு. நான்தான் எழுதலை."

"புரியலையே. நீங்க டாக்டரா?"

"இல்லை. டிரைவர்."

கதவு திறந்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டாள். நிறைந்த வயிறு அசையாதபடி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அவர் மெதுவாக எழுந்தார்.

"உள்ள பத்து நிமிஷம்தான். வந்து முதல்ல இருந்து சொல்றேன். எந்திரிச்சுப் போயிடாதீங்க."

"எங்க எந்திரிக்கிறது," என்றார் தலைமை ஆசிரியர். "எந்திரிச்சா முடிஞ்சுது."